கறுப்புக் கல்லில் வெள்ளை அம்புகள்

வாசகி ஒருவரின் கடிதம் இம்மாதம் நமது பகுதியை முழுதாக எடுத்துக்கொள்கிறது. அவருடைய கணவர் வெளிநாட்டிலிருந்து வரும்போது, ஒரு புத்தகமளவு தட்டையான கறுப்புக் கல் ஒன்று வாங்கி வந்தாராம். பளபளவென்ற கறுப்பின் மேல் வெள்ளையும் சாம்பலுமாக அம்பு முனை போன்ற வடிவங்கள். பெருநாளன்று யாரோ அதன் மேல் தேசிக்காய் ஊறுகாய்க் கிண்ணத்தை வைக்க, புளி சிந்தியிருக்கிறது. துடைத்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் மங்கி, சொரசொரவென்று இருக்கிறதாம். மாணிக்கக்கல் வெட்டும் மச்சான், "தாங்க, சில்லுல பிடிச்சித் தாறன்" என்கிறார். மாமியோ, "எசிட் ஊத்திக் கழுவினாப் போயிடும்" என்கிறார். இது என்ன கல், யார் சொல்வதைக் கேட்பது என்பது சகோதரியின் கேள்வி.

சகோதரியே, இருவர் சொல்வதையும் சற்று நிறுத்தி வையுங்கள். கல்லை அறிந்த பிறகே கை வைக்க வேண்டும்.

நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களைப் பார்த்தால், அது மொரோக்கோ நாட்டின் எர்ஃபூத் பகுதிக் கல்லாக இருக்கவே அதிக இடமுண்டு. சஹாராவின் ஓரத்தில், தஃபிலால்த் பிரதேசத்தில் உள்ள ஊர் அது. அங்குள்ள பாறையை அறுத்து மேசை, தட்டு, கை கழுவும் பேசின் என்றெல்லாம் செய்து விற்பது அவ்வூர் மக்களின் தொழில். அந்த அம்புகளை யாரும் வரையவில்லை. ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகளுக்கு முன், அந்த நிலம் கடலாக இருந்தபோது வாழ்ந்த ஒரு பிராணியின் ஓடுகள் அவை. நாம் ஆணம் காய்ச்சும் கணவாய்க்குத் தூரத்து உறவு! நீண்ட கூம்பு போன்ற ஓடு, உள்ளே குறுக்குச் சுவர்களால் பிரிந்த அறைகள், அவற்றை ஊடறுத்துச் செல்லும் ஒரு மெல்லிய குழாய். பிராணி இறந்ததும் ஓடு சேற்றில் புதைந்தது. அறைகளுக்குள் கல்சைற்று என்ற வெள்ளைக் கனிமம் படிந்தது. சுற்றியிருந்த சேறு கறுப்புச் சுண்ணாம்புக் கல்லாக இறுகியது. பாடசாலையில் உயிர்ச்சுவடு என்று படித்தோமே, அதுதான்.

பாலைவனத்தில் கடற்பிராணியா என்று வியக்க வேண்டாம். 11ஆம் நூற்றாண்டிலேயே அல்பிரூனி, அரேபியப் பாலைநிலம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்பதற்கு, கிணறு தோண்டும்போது அகப்படும் சிப்பிகளைச் சான்று காட்டி எழுதியிருக்கிறார்.

கடைக்காரர் இதை 'ஓர்தோசெராஸ்' என்று சொல்லியிருப்பார். கண்டிப்பாகப் பார்த்தால் அந்தப் பெயர், பால்டிக் கடலோர நாடுகளில் கிடைக்கும் இன்னும் பழைய ஓர் இனத்துக்கே உரியது. வியாபாரத்தில் நீண்ட கூம்பெல்லாம் அந்தப் பெயரில்தான் போகிறது. அதை நான் மோசடி என்று சொல்ல மாட்டேன்.

மோசடி வேறிடத்தில் இருக்கிறது. மொரோக்கோவிலிருந்து வரும் உயிர்ச்சுவடுகளில், கற்பொடியையும் பிசினையும் கலந்து அச்சில் வார்த்தவையும் உண்டு. பூச்சி போன்ற 'டிரைலோபைட்'டில் இது அதிகம். உங்கள் கல்லைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அசலில் ஒரு கூம்பு நீளவாக்கில் வெட்டுப்பட்டிருக்கும், இன்னொன்று சரிவாக, வேறொன்று வெறும் வட்டமாக. மெல்லிய வெள்ளை நரம்பு ஒன்று கறுப்பிலிருந்து கூம்புக்குள் தடையின்றி ஓடினால் நல்ல அடையாளம். எல்லாக் கூம்பும் ஒரே அளவு, ஒரே வடிவம், இடையிடையே சிறு காற்றுக் குமிழிக் குழிகள் என்றால் சந்தேகப்படுங்கள். சூடேற்றிய ஊசியை மறைவான இடத்தில் தொட்டுப் பார்த்தால், பிசின் கருகி மணக்கும்; கல் மணக்காது. உடைந்த துண்டுகளை ஒட்டி, இடைவெளியைக் கறுப்புப் பிசினால் நிரப்பியிருப்பது மட்டும் சாதாரணம். அதற்காகக் கணவரோடு சண்டைக்குப் போக வேண்டாம்!

இனி, சுண்ணாம்புக் கல்தானா என்பது. ஊறுகாய் செய்த காரியமே முதற் பரிசோதனை. புளி தின்றது என்றால், அது கல்சியம் காபனேற்று. உறுதிப்படுத்த, அடிப்பக்கத்தில் கத்தி முனையால் சிறிது சுரண்டுங்கள். வெள்ளைப் பொடி எளிதாக வரும். அந்தப் பொடியில் ஒரு துளி வினாகிரி விட்டால் நுண்ணிய குமிழிகள் எழும். உடனே கழுவிவிடுங்கள். கத்தியால் கீற முடியாமல், வினாகிரிக்கும் அசையாமல் இருந்தால் கதையே வேறு. இந்தோனேசியாவிலிருந்து வரும் கல்லான மரமும் சில பவளக் கற்களும் அப்படித்தான். அவை படிக்கல் இனம்.

மச்சானின் சில்லு அத்தகைய கல்லுக்குத்தான் பொருத்தம். கனிமங்களின் கடினத்தை 10 வரை அளப்பார்கள். அவர் கை பழகிய நீலக்கல் 9, படிக்கல் 7. உங்கள் கல்லின் கல்சைற்று வெறும் 3. வைரத்தூள் சில்லில் வைத்தால் கண் இமைக்கும் நேரத்தில் பள்ளம் விழும்; ஒட்டிய பிசினும் சூட்டில் இளகும். மாமியின் எசிட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஊறுகாய் ஓரிடத்தில் செய்ததை அது கல் முழுவதும் செய்துவிடும்.

கையாலேயே செய்யுங்கள். கார் பெயின்ட் வேலைக்குப் பாவிக்கும் கறுப்பு 'வோட்டர் பேப்பர்' ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும். 400, 600, 1000, 1500, 2000 என்ற இலக்கங்களில் ஒவ்வொரு தாள் போதும். தட்டையான மரக்கட்டையில் தாளைச் சுற்றி, தண்ணீர் விட்டு விட்டுத் தேயுங்கள். காய்ந்த நிலையில் தேய்த்தால் கற்தூளும் பிசின்தூளும் நெஞ்சுக்குள் போகும்; பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது கூடவே கூடாது. மங்கிய இடத்தை மட்டும் தேய்க்காதீர்கள், குழி விழும். மேற்பரப்பு முழுவதையும் சமமாகத் தேய்க்க வேண்டும்.

பலரும் கோட்டை விடுவது இங்கேதான்: ஈரக்கல் எப்போதும் பளபளக்கும். ஒவ்வொரு தாளுக்குப் பிறகும் கல்லை நன்கு உலர்த்தி, யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். முந்திய தாளின் கீறல் ஒன்று தெரிந்தாலும் அடுத்த இலக்கத்துக்குப் போகாதீர்கள். தாளை மாற்றும்போது கல், கட்டை, கை, பேசின் எல்லாவற்றையும் கழுவுங்கள். 400இன் ஒரு மணல் 2000இல் கலந்தால் திரும்பவும் முதலிலிருந்துதான்.

கடைசி மினுக்கத்துக்கு அலுமினியம் ஒட்சைட்டு அல்லது வெள்ளீய ஒட்சைட்டுப் பொடி வேண்டும். மச்சானிடம் கேளுங்கள், அவருடைய பட்டறையில் இருக்கக்கூடும். ஈரமான கம்பளித் துணியில் குழைத்து அழுத்தித் தேய்த்தால் கறுப்பு ஆழமாகத் தெரியத் தொடங்கும். பிறகு நிறமில்லாத மெழுகு சிறிது. தேங்காயெண்ணெய் பூச வேண்டாம். இரண்டு நாள் மின்னும், பிறகு தூசி பிடித்துத் திட்டுத் திட்டாகும்.

இத்தனையையும் முதலில் அடிப்பக்கத்தில், உள்ளங்கையளவு இடத்தில் செய்து பாருங்கள். கை பழகிய பின் மேற்பக்கத்தைத் திருப்புங்கள். ஊறுகாய்க் கிண்ணத்துக்கு வேறு தட்டு வாங்கிக்கொள்ளலாம்.