எல்லோருக்கும் வேடம் வேண்டும்!

ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள். ஆண்டு விழா நாடகத்தில் 6 வேடம். மீதி 34 பேர் என்ன செய்வது?

சிலர் கையில் ஈட்டியைக் கொடுத்து அரண்மனை வாசலில் நிறுத்துவார்கள். சிலருக்குச் சாமரம் கிடைக்கும். சிலர் காட்டில் மரமாக நிற்பார்கள். சிலர் நாற்காலி தூக்குவார்கள். அதுவும் கிடைக்காதவர்கள் கீழே உட்கார்ந்து கை தட்டுவார்கள்.

ராஜா வேடம் யாருக்கு? பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய பையனுக்கு. ராணி வேடம்? பாட்டுப் போட்டியில் முதலாக வந்த பெண்ணுக்கு. ஏற்கெனவே பேசத் தெரிந்தவர்களுக்கே பேச இடம் கிடைக்கிறது. வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளை, கூச்சத்தோடேயே பள்ளிக்கூடத்தை விட்டுப் போகிறது.

இது சரியா?

சரியல்ல. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு, நாற்பது பேரும் நடிக்கும் நாடகம் வேண்டும். 13 வயது முதல் 20 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கென்றே அப்படிப்பட்ட நாடகங்களை எழுத வேண்டும்.

கூடை நிறையப் பிள்ளைகள்

தமிழ்நாட்டுக்கு இது புதிய சங்கதி அல்ல. ஒரு காலத்தில் தமிழ் நாடக மேடையே பிள்ளைகளின் கையில்தான் இருந்தது.

சங்கரதாஸ் சுவாமிகள் தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படுகிறவர். பெரிய நடிகர்கள் ஒழுங்குக்குக் கட்டுப்படவில்லை. ஆகவே அவர் சிறுவர்களைச் சேர்த்துக்கொண்டு நாடகம் நடத்தினார். 1918-ல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை' தொடங்கியது. அதில் டி.கே. சண்முகம் சேர்ந்தபோது அவருக்கு வயது 6 தான்!

அந்தச் சிறுவர்களுக்காகவே சுவாமிகள் நாடகம் எழுதினார். 'அபிமன்யு சுந்தரி' அப்படிப் பிறந்ததுதான். அதைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று சண்முகம் தம் வாழ்க்கை வரலாற்றில் கூறியிருக்கிறார்.

இப்படிப்பட்ட குழுக்களுக்கு 'பாய்ஸ் கம்பெனி' என்று பெயர். எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் சின்ன வயதில் பாய்ஸ் கம்பெனியில் இருந்தவர்களே. என்.எஸ். கிருஷ்ணனும் டி.கே.எஸ். சகோதரர்களின் குழுவில் நடித்தவர்தான்.

ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று ஆளுக்கொரு வேலை. இன்று தோழி வேடம் போட்ட பையன், நாளைக்குக் கதாநாயகி ஆவான். மறுநாள் தூதுவனாக வருவான். பிள்ளைகள் ஒருவர் வசனத்தை ஒருவர் கேட்டுக் கேட்டே பாடம் செய்தார்கள்.

ஆனால் அந்தக் காலம் முழுவதும் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. பிள்ளைகள் வீட்டை விட்டு வந்து, ஊர் ஊராகச் சுற்றினார்கள். பள்ளிப் படிப்பு இல்லை. சம்பாதிக்க வேண்டிய வயதுக்கு முன்பே சம்பாதித்தார்கள். பெண்பிள்ளைகளுக்கு அங்கே இடமே இல்லை. பெண் வேடத்தையும் பையன்களே போட்டார்கள்.

அந்த முறை திரும்பி வர வேண்டாம். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பெரியவர்களின் நாடகத்தில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் அல்ல பிள்ளைகள். அவர்களுக்கென்று எழுதினால், முழு நாடகத்தையும் தோளில் தூக்கிக்கொள்வார்கள். அதைச் சுவாமிகள் கண்டுகொண்டார்.

கூட்டமே ஒரு பாத்திரம்!

இங்கிலாந்தில் நடந்ததைப் பார்க்கலாம்.

லண்டன் நகரில் மைக்கேல் கிராஃப்ட் என்று ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். மாணவர்களைக் கொண்டு ஷேக்ஸ்பியர் நாடகங்களை நடத்தினார். அவர் அந்தப் பள்ளியை விட்டு விலகிய பிறகும் மாணவர்கள் அவரை விடவில்லை. "விடுமுறையில் நாடகம் போடுவோம், வாருங்கள்" என்றார்கள். 1956-ல் 'ஐந்தாம் ஹென்றி' நாடகம் அரங்கேறியது. அதுவே தேசிய இளைஞர் நாடக மன்றமாக வளர்ந்தது.

ஷேக்ஸ்பியர் நாடகத்தில் படை வீரர்கள் பலர் உண்டு. ஆனாலும் எல்லோருக்கும் வசனம் இல்லை. இத்தனை இளைஞர்களை வைத்துக்கொண்டு என்ன நாடகம் போடுவது? அதற்கென்றே புதிய நாடகம் எழுதச் சொன்னார்கள்.

பீட்டர் டெர்சன் எழுதினார். நாடகத்தின் பெயர் 'சிகர் சாகர்'. 1967-ல் மேடை ஏறியது.

கதை எளிய கதை. பள்ளியை விட்டு வெளியே வந்த ஒரு பையன். கையில் தொழில் இல்லை. கால்பந்து ஆட்டத்தில் பைத்தியம். இனி எந்த வழியில் போவது என்று தெரியாமல் தவிக்கிறான்.

மேடையில் கால்பந்து மைதானத்தின் படிக்கட்டுகள். அவற்றில் நிறைய ரசிகர்கள். அந்தக் கூட்டம் பாடுகிறது, கத்துகிறது, கேலி செய்கிறது, பையனைத் தன் பக்கம் இழுக்கிறது.

கூட்டத்தை எடுத்துவிட்டால் நாடகமே இல்லை! ஒரு பையனை நண்பர் கூட்டம் எப்படி இழுக்கிறது என்பதுதானே கதை? அதைக் கூட்டம் இல்லாமல் எப்படிக் காட்டுவது? பலர் நடிக்கும் நாடகத்துக்கு இதுதான் இலக்கணம். இடம் நிரப்புவதற்காகப் பிள்ளைகளை நிறுத்தக் கூடாது. அவர்கள் இல்லாவிட்டால் கதை நடக்கக் கூடாது.

அதே நாட்டின் நேஷனல் தியேட்டர் 1995-ல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 'கனெக்‌ஷன்ஸ்' என்று அதற்குப் பெயர். பெயர் பெற்ற எழுத்தாளர்களிடம், 13 முதல் 19 வயது வரை உள்ளவர்கள் நடிப்பதற்கென்றே புதிய நாடகங்களை எழுதி வாங்கினார்கள். நாடெங்கும் உள்ள பள்ளிகளும் இளைஞர் குழுக்களும் அவற்றை நடித்தன.

டென்னிஸ் கெல்லியின் 'டி.என்.ஏ.' அப்படி வந்த நாடகம். ஒரு பையனைக் கூட்டாளிகள் சேர்ந்து வதைக்கிறார்கள். விபரீதம் நடந்துவிடுகிறது. அதை மறைக்க ஒரு பொய், அந்தப் பொய்யை மறைக்க இன்னொரு பொய்! பாத்திரங்களின் பெயரையும், ஆணா பெண்ணா என்பதையும், நடிக்கிறவர்களுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம் என்று ஆசிரியரே அனுமதி கொடுத்திருக்கிறார். பெண்கள் பள்ளியும் நடிக்கலாம், ஆண்கள் பள்ளியும் நடிக்கலாம். எழுதும்போதே இப்படி வழி விட்டு எழுத வேண்டும்.

பிள்ளைகள் கேட்ட கேள்வி

நடிப்பதால் பிள்ளைகளுக்கு என்ன லாபம்? கூச்சம் போகும், உச்சரிப்பு திருந்தும் என்பார்கள். உண்மைதான். அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு.

ஜெர்மனியில் பெர்ட்டோல்ட் பிரெக்ட் என்ற நாடக ஆசிரியர், பள்ளி மாணவர்கள் நடிப்பதற்காக ஒரு நாடகம் எழுதினார். குர்ட் வைல் இசை அமைத்தார். 1930-ல் பெர்லினில் மாணவர்கள் அதை நடித்தார்கள்.

ஒரு சிறுவன். அவனுடைய தாய்க்கு நோய். மருந்து வாங்கி வருவதற்காக, ஆசிரியருடன் மலை தாண்டிப் போகிறான். வழியில் சிறுவனே நோயில் விழுகிறான். நோயாளியைத் தூக்கிக்கொண்டு மலையைக் கடக்க முடியாது. அவனைப் பள்ளத்தில் விட்டுவிட வேண்டும் என்பது பழைய வழக்கம். "சம்மதமா?" என்று கேட்கிறார்கள். சிறுவன் "சம்மதம்" என்கிறான். இறந்துபோகிறான்.

பெர்லினில் ஒரு பள்ளியின் மாணவர்கள் இந்த நாடகத்தைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். அவன் ஏன் சம்மதிக்க வேண்டும்? வேறு வழியே இல்லையா? வழக்கம் என்றால் மாற்றக் கூடாதா?

பிரெக்ட் கோபித்துக்கொள்ளவில்லை. மாணவர்கள் சொன்னதைக் கேட்டு நாடகத்தைத் திருத்தினார். அதோடு நிற்கவில்லை. சிறுவன் "சம்மதம் இல்லை" என்று சொல்வதாக இன்னொரு நாடகமும் எழுதினார்!

இதுதான் பெரிய லாபம். பாடத்தை மனப்பாடம் செய்கிற பிள்ளை, "விடை என்ன?" என்று கேட்கும். வேடம் போடுகிற பிள்ளை, "நான் ஏன் இப்படிச் செய்கிறேன்?" என்று கேட்கும். நாற்பது பிள்ளைகள் சேர்ந்து கேட்டால், நாடகம் எழுதியவரே பதில் சொல்லியாக வேண்டும்.

காவலர்களுக்கும் வாய் உண்டு

தமிழில் இதற்குக் கதை இல்லையா? கொட்டிக் கிடக்கிறது.

சிலப்பதிகாரத்தையே எடுத்துக்கொள்ளலாம். பள்ளி மேடையில் பாண்டியன், கண்ணகி, கோவலன் மூவரும் பேசுவார்கள். காவலர்கள் சும்மா நிற்பார்கள்.

ஆனால் இளங்கோவடிகள் காவலர்களைச் சும்மா நிறுத்தவில்லை. கோவலனைப் பிடிக்கப் போன காவலர்கள் அவன் முகத்தைப் பார்த்துத் தயங்குகிறார்கள். இவன் கொலைக்குரியவன் அல்லன் என்கிறார்கள். பொற்கொல்லன் சிரிக்கிறான். திருடர்களின் தந்திரங்களை அடுக்கி அடுக்கிச் சொல்லி, அவர்கள் மனத்தைக் கலைக்கிறான். அவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

இந்த இடத்தில் பத்துக் காவலர்களை நிறுத்தி, ஆளுக்கு இரண்டு வரி கொடுத்தால் எப்படி இருக்கும்? ஒருவன் பயப்படுவான். ஒருவன் "நமக்கேன் வம்பு" என்பான். ஒருவன் "அரசரிடம் மறுபடி கேட்போம்" என்பான். அதற்குள் காரியம் கைமீறிப் போகும். தெரிந்தும் வாய் மூடி நின்றவர்களுக்குப் பழி உண்டா, இல்லையா? அந்த வேடம் போட்ட பையன் ஒரு வாரம் தூங்காமல் யோசிப்பான்!

ஆயர்சேரிப் பெண்கள் பத்துப் பேர். மதுரைக் கடைவீதி மக்கள் பத்துப் பேர். கண்ணகி சிலம்போடு வீதியில் வரும்போது அவர்கள் என்ன பேசிக்கொள்வார்கள்? எழுதிப் பார்த்தால் ஒரு வகுப்புக்கே வேடம் வந்துவிடும்.

முறையும் நம்மிடமே இருக்கிறது. தெருக்கூத்தில் ஒருவர் பாட, பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுவார்கள். கட்டியக்காரன் கதை சொல்லுவான், கேலி செய்வான், வேடமும் போடுவான். வில்லுப்பாட்டில் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் 'ஆமா' போடுவார்கள். கட்டியக்காரன் ஒருவனுக்குப் பதிலாக ஆறு பேரை வைத்துக்கொள்ளலாம். ஒரு பெரிய வசனத்தை எட்டுப் பேருக்குப் பிரித்துக் கொடுக்கலாம். பயந்த பிள்ளைக்கு முதலில் கூட்டத்தோடு சேர்ந்து சொல்லும் வரி. பிறகு தனியாக ஒரு வரி. பயம் தானாக விலகும்.

படிப்பு கெடுமா?

"பரீட்சை வருகிறது, இப்போது நாடகமா?" என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஒத்திகை என்று சொல்லிப் பள்ளி நேரத்தை வீணாக்குவது தவறு. பரீட்சைக்கு முன் மாதம் நாடகத்தைத் தொடவே கூடாது. ஆண்டின் முற்பகுதியில், வாரம் இரண்டு மாலை, ஒரு மணி நேரம் போதும். பலர் நடிக்கும் நாடகத்தில் ஒவ்வொருவருக்கும் வசனம் கொஞ்சமே. ஆறு பேர் தலையில் ஏறும் சுமை, நாற்பது பேர் தோளில் இறங்கிவிடும். அதனால் ஒருவர் படிப்பும் கெடாது.

"செலவு ஆகுமே!" என்று தலைமை ஆசிரியர்கள் அஞ்சுகிறார்கள். சிம்மாசனமும் ஜிகினா உடையும் வாடகைக்கு எடுத்தால்தான் செலவு. பள்ளிச் சீருடையோடு தோளில் ஒரு துண்டைப் போட்டால் காவலன். துண்டைத் தலையில் கட்டினால் உழவன். பார்க்கிறவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

"நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பது யார்?" என்பது மூன்றாவது கேள்வி. வேலை இல்லாத பிள்ளைதான் குறும்பு செய்யும். தன் வரி எப்போது வரும் என்று காத்திருக்கும் பிள்ளை குறும்பு செய்யாது. அடுத்தவன் வசனம் முடிந்தால்தான் தன் வசனம். ஆகவே அடுத்தவன் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டே தீர வேண்டும். வீட்டிலும் நாட்டிலும் இன்று அருகிவிட்ட பழக்கம் அது!

மேடையில் ஏற ஒரேயடியாக மறுக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. திரை இழுக்கலாம். விளக்குப் பார்க்கலாம். மறைவில் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கலாம். அவர்கள் பெயரையும் நடித்தவர்கள் பெயரோடு சேர்த்தே மேடையில் வாசிக்க வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

இன்று பல பள்ளிகளின் ஆண்டு விழாவில், சினிமாப் பாட்டுக்கு ஆடும் ஆட்டமே முழு நிகழ்ச்சியாகிவிட்டது. ஆட்டம் கூடாது என்பதில்லை. ஆனால் ஒலிபெருக்கியில் யாரோ பாடுகிறார்கள். பிள்ளைகள் வாய் அசைக்கிறார்கள். பிள்ளையின் சொந்தக் குரல் எங்கே?

நடித்த பிள்ளைகள் எல்லோரும் நட்சத்திரங்கள் ஆகப் போவதில்லை. ஆகவும் வேண்டாம். ஆனால் எல்லோரும் ஒரு நாள் வேலை கேட்டு நாலு பேர் முன்னால் நிற்கப் போகிறார்கள். ஊர்க் கூட்டத்தில் ஒரு நியாயத்தைச் சொல்ல வேண்டியிருக்கும். அலுவலகத்தில் தன் குறையை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். அன்று வாய் வர வேண்டும் என்றால், இன்று மேடை வேண்டும்.

எழுத்தாளர்கள் 40 பேர் நடிக்கும் ஒரு மணி நேர நாடகங்களை எழுதித் தர வேண்டும். பதிப்பாளர்கள் அவற்றை மலிவு விலையில் வெளியிட வேண்டும். ஆசிரியர்கள் பேசத் தெரிந்த பிள்ளையை மட்டும் தேடாமல், பேசாத பிள்ளைக்கு முதலில் ஒரு வரி கொடுக்க வேண்டும்.

பெற்றோர்கள்? முன் வரிசையில் உட்கார்ந்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் கை தட்ட வேண்டும். தங்கள் பிள்ளைக்கு மட்டும் அல்ல!