எல்லாம் ஒரே எஞ்சின் இல்லை

தீவுப்பகுதியில தண்டவாளம் இல்லை. ஊர்காவற்றுறை ஆக்களோ நெடுந்தீவு ஆக்களோ, றெயில் பாக்கிறதெண்டால் யாழ்ப்பாணம் ஸ்ரேசனுக்குத்தான் போகவேணும். அதாலயோ என்னவோ, எஞ்சினைப் பற்றிக் கதைச்சால் எங்கட பெடியள் ரெண்டு கேள்விதான் கேக்கிறாங்கள்: பழசா புதுசா? எத்தனை குதிரைவலு? ரெண்டுமே பிழையான கேள்வி எண்டதுதான் என்ர வாதம்.

வள்ளத்தைப் பற்றி நாங்கள் இப்பிடிக் கேக்கிறேல்லை. பரவைக்கடலுக்கு அவுட்போட் பூட்டின ஃபைபர் வள்ளம் போதும். குறிகட்டுவானிலயிருந்து ஆக்களையும் சாமானையும் ஏத்திக்கொண்டு நெடுந்தீவுக்குப் போக, உள்ளுக்கு டீசல் எஞ்சின் உள்ள பெரிய படகு வேணும். எந்தக் கடலுக்கு, எவ்வளவு பாரத்துக்கு எண்டதுதான் கேள்வி. றெயிலுக்கும் அதே கேள்விதான்.

எம்-2 எஞ்சினை எடுப்பம். கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954இல் கனடாவிலயிருந்து வந்தது, 1425 குதிரைவலு. ஒன்ராறியோ, அல்பேர்ட்டா எண்டு கனடிய மாகாணங்களின் பேரை அதுகளுக்கு வைச்சினம். இண்டைக்கு ஒன்ராறியோ எண்டால் புங்குடுதீவாருக்குச் சொந்தக்காரர் இருக்கிற இடம். அந்தச் சனம் அங்க போக முதலே அந்தப் பேர் இஞ்ச வந்திட்டுது.

இந்த எஞ்சின்களில டீசல் நேராகச் சில்லைச் சுத்துறேல்லை. அது மின்சாரம் உண்டாக்கும்; அச்சில இருக்கிற மோட்டர்தான் இழுக்கும். எம்-2இல் பெரும்பாலானதுக்கு ஆறு அச்சு, ஆனால் மோட்டர் நாலுக்குத்தான். நடு அச்சு ரெண்டும் பாரம் தாங்க மட்டும். பாரம் ஆறாகப் பிரியிறதால தண்டவாளத்துக்கும் பாலத்துக்கும் அழுத்தம் குறைவு. 1975இல் மொன்றியலில் இருந்து வந்த எம்-4க்கு ஆறு அச்சிலயும் மோட்டர். வலு 1750தான், ஆனால் முழுப் பாரமும் தண்டவாளத்தைப் பிடிக்கிறதுக்கு உதவுது. நீளமான றெயிலை இழுக்க அது வசதி.

1996இல் இந்தியாவின் வாரணாசியில் இருந்து எம்-8 வந்தது: 2800 குதிரைவலு. எண்டாலும் வளைவும் ஏற்றமுமான மலைநாட்டுப் பாதையில கனகாலமாக நம்பியிருக்கிறது 1650 வலு உள்ள ஜேர்மன் எம்-6ஐத்தான். வலு கூடினது எல்லா இடத்துக்கும் திறம் எண்டால் இப்பிடி இருக்காதே.

எங்களுக்கு ஏன் இது? 1990இல் யாழ்ப்பாணத்துக்கு றெயில் நிண்டது. திரும்ப வந்தது 2014 ஒக்டோபரில. 24 வருசம். அந்த இடைவெளியில வளர்ந்த சனத்துக்கு எஞ்சின் எண்டது பெரியாக்கள் சொன்ன கதை. அதால புதுசா எது வந்தாலும் கைதட்டுறம், பழசு வந்தால் "எங்களுக்குத் தள்ளிவிட்டிட்டாங்கள்" எண்டு கோபிக்கிறம். ரெண்டிலயும் விளக்கம் இல்லை.

2019இல் உத்தரதேவிக்கு இந்தியாவிலயிருந்து வந்த பவர்செற்றை விட்டினம். எல்லாரும் சீற்றையும் ஏசியையும் பற்றித்தான் கதைச்சினம். பவர்செற்றில இழுக்கிற இயந்திரமும் பெட்டியும் ஒரே தொகுதி. தனி எஞ்சின் பழுதானால் வேற ஒண்டைப் பூட்டி அதே பெட்டியளை அனுப்பலாம். பவர்செற்றில இயந்திரம் திருத்துற வரைக்கும் நல்ல பெட்டியளும் சேர்ந்து நிக்கும். மற்றப் பக்கம், கடைசி ஸ்ரேசனில எஞ்சினைக் கழட்டி மற்றப் பக்கம் மாத்துற வேலை இல்லை. காங்கேசன்துறைப் பாதைக்கு எது பொருந்தும்? இதைக் கேக்கத் தெரியாத சனத்திட்ட ஆரும் அபிப்பிராயம் கேக்கமாட்டினம்.

எஞ்சின் பைத்தியம் எண்டு சிரிக்கிறவை சிரிக்கட்டும். நம்பரை எழுதி வைக்கிறது மட்டும் எண்டால் அது பொழுதுபோக்குத்தான். ஆனால் ஒரு இயந்திரம் எந்த வேலைக்கு எண்டு பிரிச்சுப் பாக்கிறது, பொதுக்காசு எங்க போகுது எண்டு பாக்கிறதின்ர தொடக்கம். அடுத்தமுறை ஸ்ரேசனுக்குப் போனால் செல்ஃபி எடுக்க முதல் குனிஞ்சு அச்சை எண்ணிப்பாருங்கோ. எத்தினை எண்டு தெரிஞ்சால், ஏன் எண்ட கேள்வி தானா வரும்.