பென்சீன்: உடலுக்குள் உருவாகும் நஞ்சும், விதிகள் அளக்காத ஆபத்தும்

புதுடெல்லி: பெட்ரோலில் பென்சீனின் பங்கு 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது, 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் அமலில் உள்ள பி.எஸ். 6 எரிபொருள் தரவிதி. வெளிக்காற்றில் அதன் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது 2009-ல் அறிவிக்கப்பட்ட தேசியத் தரநிலை. இரண்டும் அவசியமானவை. ஆனால், அவை அளப்பது எரிபொருளையும் காற்றையும் மட்டுமே. பென்சீன் கேடு விளைவிக்கும் இடமோ மனிதனின் எலும்பு மஜ்ஜை.

டி.என்.ஏ.வில் நிகழ்வது என்ன?

பென்சீன் தன்னளவில் டி.என்.ஏ.வுடன் எளிதில் வினைபுரிவதில்லை. சுவாசத்தின் வழியே உள்ளே செல்லும் அதனை வெளியேற்றும் முயற்சியில் கல்லீரல் நொதிகள் பென்சீன் ஆக்சைடாகவும், பின்னர் பீனால், ஹைட்ரோகுவினோன் முதலிய பொருள்களாகவும் மாற்றுகின்றன. இவை இரத்தத்தின் வழியே மஜ்ஜையை அடைகின்றன. அங்குள்ள மற்றொரு நொதி ஹைட்ரோகுவினோனை பென்சோகுவினோனாக மாற்றுகிறது.

தீவிர வினைத்திறன் கொண்ட பென்சோகுவினோன், டி.என்.ஏ.வின் குவானின், அடினின், சைட்டோசின் ஆகிய காரங்களுடன் பிணைந்து கூடுதல் வளையங்களை உருவாக்க வல்லது. இதனால், செல் பிரியும்போது மரபுக் குறியீடு தவறாகப் படியெடுக்கப்படலாம். டி.என்.ஏ. இழைகளின் முறுக்கைத் தளர்த்தும் நொதியையும் இது முடக்குவதால் குரோமோசோம்கள் உடையும் வாய்ப்பும் உண்டு. இரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்களில் இத்தகைய பிழை நிலைத்துவிட்டால், அது இரத்தப் புற்றுநோய்க்கு வழிவகுக்கலாம். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை பென்சீனை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் பிரிவில் வைத்துள்ளது.

யாருக்கு அதிக ஆபத்து?

குவினோன்களின் வீரியத்தைத் தணிக்கும் நொதியும் உடலில் உண்டு. அதன் செயல்திறன் மரபணுவைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறுபடும். எனவே, ஒரே காற்றைச் சுவாசிக்கும் இருவருக்கு ஒரே அளவு பாதிப்பு ஏற்படும் என்று கூற இயலாது. சீனாவின் தியான்ஜின் காலணித் தொழிலாளர்களிடம் நடத்தப்பட்டு 2004-ல் வெளியான ஆய்வு, காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பென்சீன் இருந்த சூழலிலேயே வெள்ளணுக்கள் குறைந்ததைக் காட்டியது. பென்சீனுக்குப் பாதுகாப்பான அளவு என எதையும் பரிந்துரைக்க இயலாது என்பதே உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு.

பல நாடுகளில் வாகன ஓட்டிகளே எரிபொருள் நிரப்பிக்கொள்கின்றனர். இந்தியாவில் அப்பணியை ஊழியர்களே நாள் முழுவதும் செய்கின்றனர். வாடிக்கையாளர் சில நிமிடங்கள் சுவாசிக்கும் ஆவியை அவர்கள் பணிநேரம் முழுவதும் சுவாசிக்கின்றனர்.

அடுத்த படி

பெட்ரோல் ஆவியை மீண்டும் தொட்டிக்கே திருப்பும் மீட்பு அமைப்புகள் காற்றில் கலக்கும் பென்சீனைக் குறைக்கும். ஆனால், கருவி பொருத்தப்பட்டிருப்பது மட்டும் போதாது. அது பழுதின்றி இயங்க வேண்டும். உடலுக்குள் சென்ற பென்சீனை மதிப்பிடவும் வழி உள்ளது. அதன் சிதைவுப் பொருள்களான மியூகோனிக் அமிலம், பீனைல்மெர்காப்டூரிக் அமிலம் ஆகியவற்றைச் சிறுநீர்ப் பரிசோதனையில் கண்டறியலாம். இதனுடன் குறித்த காலத்தில் இரத்த அணுப் பரிசோதனையும் நடைபெற்றால், நோய் முற்றுவதற்கு முன்பே பணியாளரை வேறு பணிக்கு மாற்ற இயலும்.

எரிபொருளின் தரத்தை உயர்த்தியது முதல் படி. அதனைக் கையாளும் தொழிலாளியின் உடலையும் கண்காணிப்பதே அடுத்த படியாக இருக்க முடியும்.