மிதிவண்டி தந்தவர்கள் பாதையும் தரவேண்டும்

அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்பில் சேரும் பிள்ளைக்குத் தமிழக அரசு விலையில்லா மிதிவண்டி வழங்குகிறது. 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கெனத் தொடங்கிய திட்டம், பிறகு மாணவ மாணவியர் அனைவருக்கும் விரிந்தது. அதற்குப் பத்தாண்டு முன்பே, புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. சைக்கிளின் அருமையைத் தமிழகத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால், அதே பிள்ளை வளர்ந்து வேலைக்காகச் சென்னைக்கு வந்தால், முதல் சம்பளத்திலேயே பைக்குக்குத் தவணை கட்டத் தொடங்கிவிடுகிறது. இதைச் சோம்பல் என்று பழிப்பது அநியாயம். சென்னை ஏறக்குறைய சமதரை. ஐந்து கிலோமீட்டரை நிதானமாக மிதித்தாலும் இருபது நிமிடத்தில் கடந்துவிடலாம். வெயிலைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். முதுகுக்குப் பின்னால் உரசிக்கொண்டு வரும் பேருந்தையும் லாரியையும் யார் பொறுப்பார்கள்?

இன்றும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் காவலாளிகள், கட்டடத் தொழிலாளிகள், விடியலில் பேப்பர் போடுபவர்கள். புகை கக்காமல், குறைந்த இடத்தில் போய்வரும் அவர்கள்தான் சாலை ஓரத்தில் உயிரைப் பணயம் வைக்கிறார்கள். ஒருவர் மட்டும் அமர்ந்து வரும் காருக்கோ சாலையும் உண்டு, இறங்கியபின் நிறுத்த நடைபாதையும் உண்டு. இது வெறும் போக்குவரத்துக் குளறுபடி என்று கடந்துபோகக் கூடியதல்ல, அநீதி.

சென்னை மாநகராட்சிக்கு இது தெரியாததும் அல்ல. நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்குமான கொள்கையை 2014-இலேயே ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் 60 சதவீதம் அவர்களுக்கே என்று அது சொல்கிறது. ஆண்டுகள் பல ஓடிவிட்டன. வேளச்சேரியிலிருந்து கிண்டிக்கு அச்சமின்றி மிதித்துப்போக இன்றும் வழியில்லை.

நெதர்லாந்தும் ஒருகாலத்தில் கார்களுக்குச் சாலையைத் தாரைவார்த்த நாடுதான். 1971-இல் அங்கே சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் மாண்டார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 1973-இன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, அரசு வழிக்கு வந்தது. தனிப்பாதைகள் ஊரெங்கும் நீண்டன. மக்கள் மிதிவண்டிக்குத் திரும்பினார்கள்.

சென்னையிலும் பாதை முதலில், பழக்கம் பிறகு. பெயின்ட் கோடு போதாது. வண்டிகள் ஏறமுடியாத தடுப்போடு தனிப்பாதை வேண்டும். அதற்கு மரநிழல் வேண்டும். மெட்ரோ, மின்சார ரயில் நிலையங்களுக்குச் செல்லும் தெருக்களில் அதைத் தொடங்கலாம். நிலைய வாசலில் பூட்டிவிட்டு நம்பிப்போக சைக்கிள் ஸ்டாண்டு வேண்டும். பாதையை மறித்து நிறுத்தும் கார் யாருடையதானாலும் அபராதம் விழவேண்டும். பக்கத்துத் தெருக் கடைக்கும் காரை எடுப்பவர்கள் அந்த வழக்கத்தைக் கைவிட வேண்டும்.

பிள்ளையின் கையில் மிதிவண்டியைக் கொடுத்துவிட்டு, அதை ஓட்டமுடியாத நகரத்தைக் கட்டுவது நலத்திட்டம் ஆகாது. மாநகராட்சியின் அடுத்த நிதிநிலை அறிக்கை, அந்த 60 சதவீதத்துக்குக் கணக்குச் சொல்லட்டும்.