பதினேழு மணி நேரமும் ஐவேளைத் தொழுகையும்



நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் அடுத்தடுத்து முடிக்க வேண்டிய நெடுந்தொலைவு ட்ரையத்லான் போட்டியில் ஆர்வம் கொள்வோர் நம்மிடையேயும் உள்ளனர். உடலை வலுவாகப் பேணுவது மார்க்கம் விரும்பும் செயலே. ஆனால், “12 மணி நேரத்தில் முடிப்பேன்” என்று ஓர் எண்ணை முதலில் அறிவித்துவிட்டு, பின்னர் வாழ்க்கை முழுவதையும் அந்த எண்ணுக்குள் திணிக்க முயல்வது முறையன்று. தொழுகையையும் குடும்பத்தையும் கணக்கில் சேர்க்காத நேர இலக்கு, எட்டப்பட்டாலும் நேர்மையான இலக்கு ஆகாது என்பதே என் கருத்து.

அயர்ன்மேன் எனப்படும் முழுத்தொலைவுப் போட்டியில் 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. மிதிவண்டி, 42.2 கி.மீ. ஓட்டம் உண்டு. 1978இல் ஹவாயில் நடந்த முதல் போட்டியில் 15 பேர் இறங்கினர். 12 பேரே முடித்தனர். வென்றவருக்கே 11 மணி 46 நிமிடங்கள் தேவைப்பட்டன. இன்று பெரும்பாலான போட்டிகளில் 17 மணி நேரம் வரை அவகாசம் தரப்படுகிறது.

புதியவர்கள் செய்யும் தவறு, மூன்றிலும் தனித்தனியே தாம் எட்டிய சிறந்த நேரங்களைக் கூட்டிப் பார்ப்பதே. தனியாக ஓடும் மாரத்தான் வேறு, 180 கி.மீ. மிதித்த கால்களோடு ஓடும் மாரத்தான் வேறு. ஐந்து மணி நேரம் மிதிவண்டி ஓட்டிய உடனே ஒரு மணி நேரம் ஓடிப் பாருங்கள். அப்போது கிடைக்கும் வேகமே உண்மைக்கு அருகில் நிற்கும்.

நடுத்தரப் பயிற்சியுடைய ஒருவரை எடுத்துக்கொள்வோம். 100 மீட்டருக்கு 2 நிமிடம் 15 விநாடி என நீந்தினால் 1 மணி 26 நிமிடம். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் மிதித்தால் 7 மணி 12 நிமிடம். கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் என ஓடினால் 5 மணி 17 நிமிடம். இடையில் உடை மாற்ற 20 நிமிடம். தொப்புள் முதல் முழங்கால் வரை மறைக்கும் ஆடையைப் பேணும் ஆண்மகனுக்கு இது மிகையன்று. மொத்தம் 14 மணி 15 நிமிடம்.

இனி தொழுகை. மலேசியாவின் லங்காவித் தீவில் நடக்கும் போட்டிக்கு இங்கிருந்து செல்பவரை எண்ணிப் பாருங்கள். ஃபஜ்ரை முடித்துக் கடலில் இறங்கும் அவர் களத்தில் இருக்கும்போதே லுஹர், அஸர், மஃரிப் வந்துவிடும். இஷாவின் நேரமும் தொடங்கிவிடும். ஷாஃபிஈ மத்ஹபில் பயணி லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழலாம்; மஃரிபைப் பிற்படுத்தி இஷாவுடன் தொழலாம். ஹனஃபி மத்ஹபில் பயணத்தில் இவ்வாறு சேர்த்துத் தொழும் சலுகை இல்லை; எனவே மூன்று முறை நிற்க வேண்டும். உளூவுடன் ஒவ்வொன்றுக்கும் 10 நிமிடம் என்றால் அரை மணி நேரம். தங்கும் நாள்களைப் பொறுத்துப் பயணியின் சட்டம் மாறும் என்பதால், புறப்படும் முன்பே ஓர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவது நல்லது. ஆக, இவருடைய நேர்மையான இலக்கு 15 மணி நேரம். அந்த அரை மணி நேரம் இழப்பன்று. அன்றைய நாளின் சிறந்த பகுதி.

பயிற்சிக் காலம் இதைவிடக் கடினமான சோதனை. உச்ச வாரங்களில் 12 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி தேவைப்படலாம். அது யாருடைய நேரத்திலிருந்து எடுக்கப்படுகிறது? அபூதர்தா (ரலி) பகலெல்லாம் நோன்பிலும் இரவெல்லாம் தொழுகையிலும் மூழ்கியிருந்தபோது, இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிய உரிமைகளை அவரவர்க்கு வழங்குமாறு ஸல்மான் (ரலி) அறிவுறுத்தினார். நபி (ஸல்) அவர்களும் அதை உண்மையென ஏற்றார்கள். உபரியான வணக்கமே குடும்பத்தின் உரிமைக்கு இடம்விட வேண்டுமெனில், ஒரு பதக்கம் எம்மாத்திரம்? ஆகவே வாரத்தில் எத்தனை மணி நேரம் உண்மையில் உங்களுடையது என்பதை மனைவியோடு அமர்ந்து முதலில் முடிவு செய்யுங்கள். இலக்கு அதிலிருந்து பிறக்கட்டும். ரமளான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள்கள் முன்நகர்கிறது. அது பயிற்சியின் எந்தக் கட்டத்தில் வருகிறது என்று பார்த்து, அம்மாதத்தில் முன்னேற்றத்தை எதிர்பாராமல், இருக்கும் வலிமையைக் காத்துக்கொண்டால் போதும்.

“இலக்கைத் தளர்த்தினால் முயற்சியும் தளர்ந்துவிடாதா?” என்று கேட்கலாம். தளராது. செய்வதைச் செம்மையாகச் செய்வதே இஹ்ஸான். இயலாததை வாக்களிப்பது அன்று. 15 மணி நேரம் என்பது பொதுவான இலக்காகவும், எல்லாம் கைகூடினால் பதினான்கரை என்பது ஆசையாகவும், வெயிலோ வயிற்றுக் கோளாறோ வாட்டினால் 17 மணிக்குள் நலமாக முடிப்பது எல்லையாகவும் இருக்கட்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்றவர்கள் நாம். கணக்கைச் சரியாகப் போடுவதே இங்கு அந்தக் கயிறு.

நம் நேரத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.