மறியல் பண்ணி என்னத்தைக் கிழித்தார்கள்?

திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே பஸ் கொஞ்ச நேரம் நின்றுவிட்டால் போதும், ஜன்னலோர சீட்டிலிருந்து இந்தக் கேள்வி வந்துவிடும். பல வருஷமாகக் கேட்டுக் காது புளித்துவிட்டது. போதாததற்கு, விழுப்புரத்தில் ஒரு விழா மேடையில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் இதையே செந்தமிழில் சொல்லிக் கைதட்டல் வாங்கினார்.

ஜனங்களுக்கு இடைஞ்சலாம். அமைச்சர் வருகைக்கு அதே சாலையை அடைக்கும்போது ஐயாவுக்கு இடைஞ்சல் தெரிவதில்லை. பிரியாணிக்கும் குவார்ட்டருக்கும் சேர்ந்த கூட்டமாம். அது கட்சி மாநாடு. ஐயா இடம் மாறிப் போய்விட்டார்.

‘மனுக் கொடுங்கள்’ என்பதுதான் அவருடைய பிரம்மாஸ்திரம். கொடுக்காமலா இருக்கிறார்கள்? திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் பக்கம் வந்து பார்க்கட்டும். மனு எழுதிக் கொடுப்பவருக்குக் காசு, வாசலில் பையைக் கொட்டி மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று சோதனை, கடைசியில் முந்தானையில் முடிந்துகொள்ள ஒரு ரசீது. அடுத்த திங்களும் அதே முகங்கள்.

சரி, ஏழைகள் மனுவை விடுவோம். மிகவும் பிற்படுத்தப்பட்டோரைத் தனியே பிரித்து 16 விழுக்காடு இடஒதுக்கீடு கொடுங்கள் என்று சட்டநாதன் ஆணையம் சொன்னது 1970-ல். அரசே போட்ட ஆணையம், கணக்கோடு கொடுத்த அறிக்கை. பீரோவுக்குள் போனது, போனதுதான். 1986-ல் வன்னியர் சங்கம் தனி இடஒதுக்கீடு கேட்டு ஒரு நாள் சாலை மறியலும் ஒரு நாள் ரயில் மறியலும் நடத்தியது. கோட்டை அசையவில்லை. 1987 செப்டம்பர் 17 தொடங்கி ஒரு வாரம், அன்றைய தென்னாற்காடு உட்பட வடமாவட்டங்களின் சாலைகள் முடங்கின. சாலையோர மரங்கள் குறுக்கே சாய்ந்தன. (குடிசைகளும் எரிந்தன, அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.) 21 உயிர்கள் போயின. அமெரிக்கச் சிகிச்சை முடிந்து திரும்பிய எம்.ஜி.ஆர். நவம்பரில் சாதிச் சங்கத் தலைவர்களை அழைத்துப் பேசினார். 1989 மார்ச்சில் கருணாநிதி அரசு, பிற்படுத்தப்பட்டோரின் 50 விழுக்காட்டிலிருந்து 20-ஐத் தனியே பிரித்தது. பலன் மறியல் செய்தவர்களோடு நிற்கவில்லை. மீனவர், மருத்துவர், வண்ணார், இசை வேளாளர் என 100-க்கும் மேற்பட்ட சாதிகள் அந்தப் பட்டியலில். அதில் சீட்டு வாங்கிப் படித்த பிள்ளைகளும் அந்த விழுப்புரம் விழாவில் கைதட்டியவர்களில் இருந்திருப்பார்கள்.

அதெல்லாம் அந்தக் காலம் என்பாரா? ஃபெஞ்சல் புயல் வெள்ளம் வடிவதற்குள், 2024 டிசம்பரில் விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு மக்கள் நிவாரணம் கேட்டு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அமைச்சர் பொன்முடி நேரில் வந்தார். அவர் மேல் சேறும் விழுந்தது, அது வேறு விஷயம்.

மறியலில் செத்த அந்த 21 பேருக்கு விழுப்புரம் வழுதரெட்டியில் அரசே மணிமண்டபம் கட்டி, 2025 ஜனவரி 28-ல் முதல்வர் ஸ்டாலின் திறந்துவைத்தார். மனுக் கொடுத்தவர்களுக்கு எந்த ஊரில் கட்டியிருக்கிறார்கள் என்று ஐயா சொன்னால், போய் ஒரு மாலை போட்டுவிட்டு வருகிறேன்.