விதையில் வித்தியாசம் அழிந்தால் விவசாயிக்கு வாழ்வில்லை!



ஒரு தாய் வயித்துப் பிள்ளைகளே ஒண்ணுபோல இருப்பதில்லை. பயிரும் அப்படித்தான். ஊரே நோயில் படுத்தாலும் எங்கோ ஒரு குத்து பச்சையாக நிற்கும். அது ஏன்?

ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் மரபணு என்ற எழுத்து இருக்கிறது. அணு பிரியும்போது அந்த எழுத்தும் நகலாகிறது. பத்திரம் நகல் எடுக்கும்போது சர்வே நம்பரில் ஒரு எண் மாறிப்போகிறதல்லவா? அப்படி இங்கேயும் எப்போதாவது ஒரு எழுத்து மாறும். பெரும்பாலும் அதனால் ஒன்றும் ஆகாது. சிலது கெடுதல் செய்யும். அபூர்வமாக ஒன்று உப்பையோ வறட்சியையோ தாங்க வைக்கும். மகரந்தம் சேரும்போது தாய் குணமும் தகப்பன் குணமும் புதுசாகக் கலப்பது இன்னொரு வழி. வீரிய ஒட்டு விதையின் விளைச்சலை எடுத்து மறுபடி விதைத்தால் பயிர் ஏறுக்கு மாறாக வருவதும் இந்தக் கலப்பு பிரிவதால்தான்.

இயற்கை கொடுத்த வித்தியாசத்தைப் பொறுக்கிச் சேர்த்தவன் விவசாயி. உவர் நிலத்துக்குக் குழியடிச்சான், களருக்குக் களர்ப்பாலை என்று நிலத்துக்கு ஒரு நெல் வைத்திருந்தோம். எந்தக் கம்பெனியும் நமக்கு அதைக் கொடுக்கவில்லை.

இதன் மதிப்பு என்ன தெரியுமா? 1970-களில் புகையான் பரப்பிய ஒரு வைரஸ் நோய் ஆசிய நாடுகளில் நெல்லைப் புல்லாகக் குட்டையாக்கியது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 6,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தது. எதிர்ப்பு கிடைத்தது ஒன்றே ஒன்றில். அது உத்தரப்பிரதேசத்தில் எடுத்த காட்டு நெல்! 1976-ல் வந்த ஐ.ஆர். 36 ரகத்தில் அந்தக் குணம் சேர்க்கப்பட்டது. விஞ்ஞானத்தை நாம் எதிர்க்கவில்லை தோழர்களே. விஞ்ஞானிக்கும் மூலதனம் இந்த வித்தியாசம்தான் என்கிறோம். அந்த ஒரு காட்டு நெல்லைக் களை என்று அன்றைக்கே அழித்திருந்தால்?

பூச்சிக்கும் இதே விதிதான். 2002-ல் பி.டி. பருத்திக்கு அனுமதி கொடுத்தார்கள். காய்ப்புழு ஒழிந்தது என்றார்கள். கோடிக்கணக்கான புழுவில் விஷத்தைத் தாங்கும் சில பிழைத்தன, அவை பெருகின. 2010-க்குள் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த முதல் பி.டி. பருத்தியை வென்றுவிட்டது. நாடு முழுக்க ஒரே ஆயுதம் என்றால் எதிரிக்கு வேலை சுலபம். ஊர் முழுக்க ஒரே ரகம் என்றாலும் அதே கதிதான்.

நெல் ஜெயராமன் நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டு, இரண்டு கிலோ விதை கொடுத்து நாலு கிலோ திருப்பி வாங்கிப் பரப்பினார். 2018-ல் அவர் மறைந்தார். ஒரு தனி மனிதர் செய்ததை அரசாங்கம் செய்ய முடியாதா?

2001-ஆம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், பிரிவு 39 என்ன சொல்கிறது? விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். பிராண்டு போட்டு மட்டும் விற்கக்கூடாது. இது நம்ம உரிமை. யாரும் போடும் பிச்சை அல்ல!

நாம் கேட்பது:

- எந்தப் புதுச் சட்டம் வந்தாலும் பிரிவு 39-ல் கை வைக்காதே!
- அரசு விதைப் பண்ணைகளில் உள்ளூர் ரகங்களைப் பெருக்கி நியாய விலைக்குக் கொடு!
- ஒன்றியத்துக்கு ஒரு விதை வங்கி அமை! பொறுப்பை விவசாயிகள் கையில் கொடு!
- பாரம்பரிய நெல்லுக்குக் கட்டுப்படியாகும் விலை கொடு!

அரசாங்கம் செய்யட்டும் என்று நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவும் கூடாது. இந்தப் போகத்தில் அஞ்சு சென்ட்டிலாவது ஒரு நாட்டு ரகம் போடுங்கள். நல்ல கதிரைப் பொறுக்கி விதை எடுத்து, பக்கத்து ஊருக்கும் கொடுங்கள்.

விதை நம் கையில்! ஒன்றுபடுவோம்! போராடுவோம்!